ஹேப்பி கோட்

போன மாதம் வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு கேட்டு நாலைந்து பேர் எழுதியிருந்தீர்கள். ஒருவருக்கும் பதில் போடவில்லை. காரணம் ஒரு ஃபிரிட்ஜ். அளவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் புலம்பலில் அது காணாமல் போய்விடும். ஒரு டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்துகொள்ளுங்கள். அந்த அரிசியின் மேலேயே உளுத்தம்பருப்பைக் கோபுரமாகக் குவியுங்கள். எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் உளுந்து. இரண்டு மணி நேரம் ஊறப்போட்டு வெண்ணெயாக அரைத்து, உப்பும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் போட்டு, கொஞ்சம் பால் விட்டுக் கரைத்தால் மாவு தயார். எண்ணெய் காய்ந்ததும் ஒரு கரண்டி, அது தானாக மேலே வரும், திருப்பிப் போட்டு எடுக்க வேண்டியதுதான். ஒரே ஒரு கண்டிப்பு: மாவு புளிக்கக் கூடாது. புளித்த மாவு எண்ணெய் குடிக்கும், சிவந்தும் போகும். சிவந்ததற்கு வெள்ளைப் பணியாரம் என்று பெயர் எதற்கு?

சரி, ஃபிரிட்ஜுக்கு வருகிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நான் காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் இருக்கிறேன். வீடு என்னுடையது கிடையாது. பதினோரு பங்காளிகளுக்குச் சொந்தமானது, சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலுமாக இருக்கிறார்கள். நடை திறந்து விளக்குப் போட ஆச்சி ஒருவர் மட்டும்தான் இங்கே, வயது 84. வீட்டையும் ஆச்சியையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக அடுப்படியில் என் தொழில் நடக்கிறது. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் மாதிரி), புதுமனை என்று எந்த விசேஷமானாலும் காலைப் பலகாரம் செய்து கொடுப்பேன்.

வீட்டின் அமைப்பைச் சொன்னால்தான் மற்றது புரியும். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு வாசல் ஒரு தெருவில் இருக்கும், கொல்லைக் கதவு அடுத்த தெருவில் இருக்கும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நூல் பிடித்தாற்போல நேராகப் போகும். முகப்பில் நின்றால் கடைசிக் கதவு வரை தெரியும். சுவர் ஒவ்வொன்றும் என் முழங்கைக்கு மேல் கனம். சுண்ணாம்புச் சாந்தை மெழுகித் தேய்த்திருப்பதில் கை வைத்தால் வழுக்கும். வெயில் உள்ளே வராது. சிக்னலும் வராது.

அதனால் என் போன் முகப்புத் திண்ணையில்தான் குடியிருக்கிறது. மணி அடித்தால் ஆச்சி "போனு!" என்று ஒரு குரல் கொடுப்பார்கள், நான் கை துடைத்துக்கொண்டு ஓடுவேன். அடுப்படியிலிருந்து திண்ணைக்கு 94 எட்டு, எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆச்சியின் வங்கிக் கணக்குக்கும் இந்த நம்பரைத்தான் கொடுத்திருக்கிறது. பேரன் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு ஏதாவது பணம் மாற்றினால் ஓடிபி இங்கே வந்து விழும். அதற்கு ஆயுசு மூன்று நிமிஷம். ஓடிபி கண்டுபிடித்தவன் சின்ன வீட்டில் பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

கத்திரி தொடங்கி நாலாம் நாள், வியாழக்கிழமை. மறுநாள் காலை கோட்டையூரில் ஒரு சாந்தி, 150 பேருக்குப் பலகாரம். பணியார மாவை மாலையில் அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் விடிகாலை ஐந்து மணிக்கு எண்ணெய் வைக்கலாம். தேங்காய்ப்பால், துருவல், ஊறின கவுனி அரிசி எல்லாம் உள்ளே. மத்தியானம் ஒரு கோடை இடி இடித்தது, கரண்ட் இரண்டு மூன்று தடவை போய் வந்தது. இரவு ஒன்பது மணிக்குத் தண்ணீர் எடுக்கத் திறந்தபோது உள்ளே குளிர்ச்சியே இல்லை. விளக்கு மட்டும் எரிகிறது. பின்னாலிருந்து "டிக்" என்று ஒரு சத்தம், "ம்ம்ம்" என்று ஒரு முனகல், திரும்பவும் "டிக்". பிறகு நாலைந்து நிமிஷம் அமைதி. மறுபடியும் அதே.

அந்த இரவை நீட்டவில்லை. மாவு புளிக்கத் தொடங்கிவிட்டது. அகலப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணி சுற்றி, தேங்காய்ப்பாலை ஒருவாறு காப்பாற்றினேன். மாவைக் கொட்டிவிட்டு, இரவு ஒரு மணிக்கு அரிசி ஊறப்போட்டு, மூன்று மணிக்குக் கிரைண்டர் போட்டேன். பணியாரம் வெள்ளையாகத்தான் வந்தது. நான்தான் சிவந்துபோயிருந்தேன்.

ஃபிரிட்ஜ் வாங்கி ஆறு வருஷம். கதவில் இன்னும் அந்த ஸ்டிக்கர் இருக்கிறது: கம்ப்ரசருக்குப் பத்து வருட வாரண்டி. ரசீதும் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து, கம்பெனி பெயரோடு கஸ்டமர் கேர் என்று போனில் தேடினேன். முதலில் வந்த நம்பரை அழுத்தினேன்.

முதல் மணியிலேயே எடுத்தார்கள். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து எதுவும் இல்லை. "வணக்கம்மா, சொல்லுங்கம்மா" என்றது ஒரு ஆண் குரல். நல்ல தமிழ், மதுரைப் பக்கத்து வாடை. டிக் சத்தத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "வெயில் காலத்துல இப்படித்தாம்மா, நீங்க பயப்படாதீங்க, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஆள் வந்துரும்" என்றார். வீட்டு அடையாளம் கேட்டார், பிள்ளையார் கோயிலுக்குப் பக்கம் என்றால் உடனே புரிந்துகொண்டார். இரவெல்லாம் விழித்திருந்த எனக்கு அந்தக் குரல் அவ்வளவு ஆறுதலாக இருந்தது. கடைசியில், "பதிவுக் கட்டணம் பத்து ரூபாய்தாம்மா. ஒரு சின்ன ஆப் அனுப்புறேன், அதை மட்டும் ஏத்திக்குங்க, மத்ததை நான் இங்கேர்ந்தே பாத்துக்குறேன்" என்றார்.

ஆப்பை ஏற்றத் தெரியாமல் தங்கை மகளைக் கூப்பிட்டேன். அவள் சென்னையில் ஒரு கால் சென்டரில் இரண்டு வருஷம் இருந்தவள். நான் பாதி சொல்லும்போதே, "பெரியம்மா, போனைக் கீழ வைங்க, எதையும் தொடாதீங்க" என்று கத்தினாள். அந்த ஆப்பை ஏற்றினால் என் போன் திரையில் தெரிவதெல்லாம் அவனுக்கும் தெரியுமாம். பத்து ரூபாய் கட்ட நான் ரகசிய எண்ணைப் போடுவதை அவன் அங்கே உட்கார்ந்து பார்ப்பான். வருகிற ஓடிபியையும் படித்துக்கொள்வான். கம்பெனி பெயரில் போலி நம்பரை இணையத்தில் போட்டு வைத்துவிட்டுக் காத்திருப்பார்களாம். பணம் போயிருந்தால் உடனே 1930-க்குக் கூப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது என்றாள். நல்லவேளை, போகவில்லை. அது வேறு ஆச்சியின் கணக்கோடு சேர்ந்த போன். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இதற்குப் பிறகு மூன்று வாரம் நான் எத்தனையோ பேரிடம் பேசினேன். என்னிடம் முதல் மணியில் போனை எடுத்தவன், தமிழில் பேசியவன், நான் சொன்னதை முழுக்கக் கேட்டவன், அம்மா என்று கூப்பிட்டவன் அந்தத் திருடன் ஒருவன்தான்.

நிஜமான நம்பர் ஃபிரிட்ஜின் முதுகில் ஒட்டியிருந்தது. நானும் பால்காரரும் சேர்ந்து அதை இழுத்துத் திருப்பி, டார்ச் அடித்துப் படித்தோம். கூப்பிட்டால் ஒரு பாட்டு. தமிழுக்கு ஐந்தை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். தமிழில் "எங்கள் அதிகாரிகள் அனைவரும் பிஸியாக உள்ளனர்" என்றது. அதற்கு மட்டும் தமிழ் இருந்தது, பிறகு வந்த பெண் ஆங்கிலத்தில் ஆரம்பித்து இந்திக்குப் போய், என் மௌனத்தைப் பார்த்துத் தட்டுத்தடுமாறித் தமிழுக்கு வந்தாள். புகார் எண் பதினொரு இலக்கம். 48 மணி நேரத்தில் ஆள் வரும். வந்து பார்க்கும் கட்டணம் வரியோடு 590 ரூபாய்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு குறுஞ்செய்தி: சேவையாளர் வந்தபோது வாடிக்கையாளர் வீட்டில் இல்லை, புகார் மூடப்பட்டது.

வீட்டில் இல்லையா? ஐந்து வருஷமாக நான் இந்த வீட்டை விட்டு ஒரு ராத்திரி சேர்ந்தாற்போல் வெளியே தங்கியதில்லை. கம்பெனியின் ஆப்பைத் தங்கை மகள் வாட்ஸப் வீடியோவில் சொல்லிச் சொல்லி என் போனில் ஏற்றவைத்தாள். அதில் புகாரைத் திறந்தால், அத்தாட்சிக்கு ஒரு போட்டோ போட்டிருக்கிறான் அந்த ஆள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. எங்கள் கொல்லைக் கதவு. மேப் அவனை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோயிருக்கிறது. துருப்பிடித்த பூட்டு, அதன் மேல் சிலந்தி வலை, யார் பார்த்தாலும் பத்து வருஷமாக ஆள் இல்லாத வீடு என்றுதான் சொல்வார்கள். ஆனால் போட்டோவை விரல் வைத்துப் பெரிதாக்கினால், மதில் சுவருக்கு மேல் கொடி தெரிகிறது. கொடியில் என் பச்சைச் சுங்குடிப் புடவை காய்கிறது. அன்று காலை துவைத்துப் போட்டது. அவன் படமெடுத்த நேரம் 2.40. அந்த நேரத்தில் நான் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம், இருபது எட்டுக்குள், கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். போன் திண்ணையில் மூன்று தடவை அடித்திருக்கிறது. ஆச்சி தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவனைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. கத்திரி வெயிலில் புதுவயலிலிருந்தோ காரைக்குடியிலிருந்தோ பைக்கில் வந்து, பூட்டின கதவு முன்னால் நின்று, எடுக்காத போனுக்கு மூன்று தடவை அடித்திருக்கிறான். தெருவைச் சுற்றி வந்திருந்தால் வாசல் திறந்தேதான் கிடந்தது. மேப்பில் இரண்டு வாசல் இல்லை போலிருக்கிறது.

திரும்பவும் பாட்டு, திரும்பவும் ஐந்து, புதுசாகப் பதினொரு இலக்கம். செவ்வாய்க்கிழமை வேறொரு பையன் வந்தான். இந்தத் தடவை விடிந்ததிலிருந்து நான் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை, குழம்புக்குக்கூட அங்கேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். இருபத்திரண்டு வயசுக்கு மேல் இருக்காது. மோர் கொடுத்தேன், குடித்தான். ஃபிரிட்ஜ் பின்னால் கை வைத்துப் பார்த்தான், ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டான். "கம்ப்ரசர் போச்சுக்கா" என்றான்.

"பத்து வருஷம் வாரண்டி இருக்கேப்பா?"

"கம்ப்ரசர் ஃப்ரீதான்க்கா. கேஸ், ஃபில்டர், வெல்டிங், லேபர், வண்டிச் செலவு இதெல்லாம் வாரண்டில வராது. 5,800 ஆகும்."

இலவசத்துக்கு ஐயாயிரத்து எண்ணூறு. சரி என்றேன், வேறு என்ன செய்ய. 590-ஐயும் கொடுத்தேன். கிளம்பும்போது, "அக்கா, போனுக்கு ஒரு ஹேப்பி கோட் வந்திருக்கும், நாலு நம்பர், சொல்லுங்க" என்றான்.

அது என்ன என்று கேட்டேன். வேலை முடிந்து வாடிக்கையாளர் திருப்தியாக இருந்தால் சொல்ல வேண்டிய எண்ணாம். அதனால்தான் ஹேப்பி. "வேலையே ஆகலையேப்பா, நான் எங்கேர்ந்து ஹேப்பி ஆகுறது?" என்றேன். அவன் தரையைப் பார்த்தான். ஆத்தங்குடிக் கல்லில் இருக்கும் பூவைக் கால் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, "கோட் குடுத்தாத்தான்க்கா கம்ப்ரசருக்கு ரெக்வஸ்ட் போட முடியும். இல்லேன்னா எனக்கு இந்த விசிட்டுக்குக் காசு ஏறாது" என்றான். கொடுத்தேன். அவன் பைக்கைக் கிளப்பி முனை திரும்புவதற்குள் செய்தி வந்துவிட்டது: தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்?

மறுநாள் கூப்பிட்டால், கம்ப்ரசர் ரெக்வஸ்ட் எதுவும் இல்லையாம். வாடிக்கையாளர் திருப்தியடைந்து கோட் கொடுத்துவிட்டதால் அந்தப் புகாரைத் திறக்க வழி இல்லையாம். புதுப் புகார் போடலாமாம், புதுசாக 590. நான் கொஞ்சம் கத்திவிட்டேன். அந்தப் பக்கம் இருந்த பெண் ஒன்றும் பேசவில்லை, பின்னால் நூறு பேர் பேசும் இரைச்சல் மட்டும் கேட்டது. வைத்த பிறகு தங்கை மகளின் ஞாபகம் வந்தது. அவளும் இப்படித்தானே இரண்டு வருஷம் உட்கார்ந்து ஊரார் ஏச்சை வாங்கினாள்.

அவளிடமே கேட்டேன். அவள் வேலை பார்த்த இடத்தில் திரையின் ஓரத்தில் ஒரு கடிகாரம் ஓடுமாம், ஒரு ஆளிடம் இத்தனை நிமிஷத்துக்கு மேல் பேசினால் மஞ்சள். புகார் 48 மணி நேரத்துக்கு மேல் திறந்து கிடந்தால் சிவப்பு. சிவப்பு கூடினால் டீம் லீடர் வந்து பின்னால் நிற்பார். "அதனால சிவப்பாகுறதுக்குள்ள மூடிட்டு, புதுசா ஒண்ணு திறந்து குடுத்துருவோம் பெரியம்மா. மேல இருக்கிறவங்க பாக்குற ரிப்போர்ட்ல எல்லாம் பச்சையா இருக்கும்" என்றாள். கம்பெனி முதலாளி எங்கேயோ உட்கார்ந்து, பள்ளத்தூரில் ஒரு பொம்பளை இரண்டு தடவை புகார் செய்தாள், இரண்டும் 48 மணி நேரத்துக்குள் தீர்ந்தது, இரண்டாவது தடவை மகிழ்ச்சியும் அடைந்தாள் என்று படித்துக்கொண்டிருப்பார். அவர் கையில் இருக்கும் காகிதத்தில் பொய் ஒன்றும் இல்லை.

அன்று சாயந்திரம் ஆச்சி ஊஞ்சலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்கள். "அந்தக் கம்பெனி விலாசம் என்னத்தா?" என்றார்கள்.

"விலாசமெல்லாம் இல்ல ஆச்சி, நம்பர்தான்."

"விலாசம் இல்லாமக் கடை வச்சிருக்கானா?"

இங்கே விலாசம் என்றால் தெருவும் கதவு எண்ணும் மட்டும் கிடையாது. லேவாதேவிக் கடைக்கு இருந்த முதலெழுத்துக்களும் விலாசம்தான். தாத்தா, தகப்பன் பெயரின் எழுத்துக்களைச் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். எம்.சிடி.எம். என்றால் யார் என்று இந்தப் பக்கத்தில் கேட்க வேண்டியதில்லை. அந்த விலாசத்துச் சிதம்பரம் செட்டியார்தான் 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் திறந்தவர். ஆச்சி அதைத் தன் வீட்டு விசேஷம் மாதிரி சொல்வார்கள்.

ஆச்சியின் அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவில் மோல்மேனில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, ஏஜெண்டுக்கு உதவியாளாக, இருந்தவர். மூன்று வருஷத் தவணைக்குப் போய்வருவார்களாம். அவர் கணக்கு எழுதின ஏடு ஒன்று ஆச்சி அறைப் பெட்டியில் இருக்கிறது. அன்று எடுத்துக் காட்டினார்கள். செல்லரித்த ஓரம், பழுப்பு மை. வரிக்கு வரி யார் கொடுத்தது, யார் பெயரில் பற்று, எந்தத் தேதி என்று இருக்கிறது. ஒரு பக்கத்தில் ஏதோ தொகையைச் சிவப்பில் அடித்துத் திருத்தி, பக்கத்திலேயே திருத்தினவர் கையெழுத்து. எதையும் அழிக்கவில்லை. தப்பும் தெரிகிறது, தப்பைச் செய்தவரும் தெரிகிறார். அந்தக் காலத்து வட்டிக்கடை தர்மசாலை என்று சொல்ல மாட்டேன், பர்மாவில் நிலத்தை இழந்த விவசாயியைக் கேட்டால் வேறு கதை சொல்வான். ஆனால் அவனுக்கும் யாரைத் திட்டுவது என்று தெரிந்திருக்கும்.

"கப்பல்ல போற காகிதம்த்தா. போக வர எத்தனையோ நாளாகும். ஆனா பதில் வந்துரும்" என்றார்கள் ஆச்சி, ஏட்டை மூடிக்கொண்டே.

கடைசியில் காரைக்குடி செக்காலை ரோட்டில் சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணனைச் சொன்னது பால்காரர்தான். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். "நீங்க கம்பெனிலதான் பாக்கணும்னு நின்னீங்க" என்கிறார். வாஸ்தவம். வாரண்டி ஸ்டிக்கரைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

அண்ணன் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்தார், முன் வாசலுக்கே வந்தார். ஃபிரிட்ஜைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு ஒன்றும் செய்யாமல் காத்திருந்தார். டிக், ம்ம்ம், டிக். தலையாட்டினார். கம்ப்ரசரின் பக்கவாட்டில் ஒரு கறுப்பு மூடியைக் கழற்றி, அதற்குள்ளிருந்து தீப்பெட்டி அளவு ஒரு சாமானைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். "காதுகிட்ட வச்சு ஆட்டுங்க" என்றார். ஆட்டினேன். உள்ளே கலகலவென்றது, காய்ந்த அவரை நெற்று மாதிரி. அதற்கு ரிலே என்று பெயர், நல்ல ரிலே சத்தம் போடாதாம். மோட்டார் கிளம்பும்போது ஒரு தள்ளு வேண்டும், அந்தத் தள்ளைக் கொடுப்பது இதுதான். உள்ளே ஒரு சின்னப் பீங்கான் வில்லை, வோல்டேஜ் ஏறி இறங்கினதில் அது உடைந்துவிட்டது. தள்ளு இல்லாமல் மோட்டார் முனகுகிறது, சூடாகிறது, பக்கத்தில் இருக்கும் காவல் சாமான் டிக் என்று கரண்டை நிறுத்துகிறது. ஆறினதும் திரும்ப விடுகிறது. அவ்வளவுதான் நோய்.

சட்டைப் பையிலிருந்து புது ரிலே எடுத்துச் செருகினார். பிளக்கைப் போட்டதும் "டிக்" இல்லாமல் ஓட ஆரம்பித்தது. பத்து நாளாகக் கேட்காத சத்தம், அடுப்படியே நிறைந்தாற்போல இருந்தது. சாமான் 180, கூலி 300, மொத்தம் 480. ஸ்டெபிலைசர் ஒன்று போட்டுக்கொள்ளச் சொன்னார். "கம்ப்ரசர் நல்லாத்தாம்மா இருக்கு, இன்னும் பத்து வருஷம் ஓடும்." அந்தப் பையனுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும் என்று கேட்டேன். "ரிலேயைக் கழட்டிப் பாக்க அஞ்சு நிமிஷம் ஆகுமே" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார், என்னிடம் கோட் ஒன்றும் கேட்கவில்லை.

இத்தோடு விட்டிருக்கலாம். தங்கை மகள் விடவில்லை. 1915-க்குக் கூப்பிடச் சொன்னாள். தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழ் உட்பட 17 மொழிகளில் பேசுகிறார்கள், காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை. அவர்கள் கோர்ட் இல்லை, நம் புகாரை எழுதிக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அதிலும் சரிவராவிட்டால் மாவட்டக் குறைதீர் ஆணையம், எங்களுக்குச் சிவகங்கை. 2019-ஆம் வருஷச் சட்டத்தில், பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று இருக்கிறது. ஐந்து லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. இதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரியும். தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

1915-ல் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். எட்டாம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மிகவும் வருந்துகிறார்களாம். வந்து பார்த்த கட்டணம் 590 ரூபாயைத் திருப்பித் தருகிறார்களாம். "ஒரு லிங்க் அனுப்பியிருக்கோம் மேடம், அதுல உங்க பேங்க் டீட்டெய்ல்ஸ் போட்டு, வர்ற ஓடிபியைக் குடுத்தீங்கன்னா பணம் ஏறிடும்."

செய்தியைத் திறந்து பார்த்தேன். நீல எழுத்தில் ஒரு நீள வரி, கீழே கம்பெனிப் படம். வெள்ளிக்கிழமைத் திருடன் அனுப்பினதும் இதே நீலம், இதே படம். இரண்டையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்க்கிறேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தங்கை மகளுக்கு அனுப்பினேன், அவளுக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. "வேண்டாம் பெரியம்மா, 590 ரூபாய்க்காகக் கணக்கையே திறந்து வைக்கணுமா?" என்றாள். கம்பெனிப் பெண்ணிடம், வேறு ஏதாவது வழியில் அனுப்ப முடியுமா, செக், மணியார்டர் ஏதாவது, என்று கேட்டேன். ஊஞ்சலிலிருந்து ஆச்சி, "ஒரு உண்டியல் எழுதி அனுப்பச் சொல்லுத்தா" என்றார்கள், அந்தக் காலத்துக் கடைகள் பணம் அனுப்ப எழுதின சீட்டு அது. அதையும் சொன்னேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த ஆப்ஷன் எங்ககிட்ட இல்லை மேடம்" என்றாள்.

நேற்று காலை அடுப்படியில் சீயத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஆச்சியே எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது, பதிவு செய்த குரல் ஏதோ பேசுவது வளவு வரைக்கும் கேட்டது. கை கழுவிக்கொண்டு 94 எட்டு நடந்து போனால், ஆச்சி போனைத் திண்ணையில் வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள்.

"என்ன ஆச்சி?"

"அந்தக் கம்பெனிதான். உன் சோலி முடிஞ்சிருச்சாம்."